கெர்னலை மாற்றினால் நெட்வொர்க் ஷேர் சரியாகுமா? (மவுண்ட் எரர் 112)

#1 பழையபெட்டி

எல்லோருக்கும் வணக்கம். பல நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வேலை செய்யும் இடத்தில் ஓர் உபுண்டு 16.04 பெட்டி இருக்கிறது. ஓர் அளவுக்கருவியிலிருந்து வரும் தரவை வாங்கி, பக்கத்து அறை விண்டோஸ் கணினியின் ஷேரில் (நெட்வொர்க்கில் பகிர்ந்த அடைவில்) போட்டுவைப்பது மட்டுமே அதன் வேலை. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துவானேன் என்று இத்தனை வருடமும் யாரும் அதில் கை வைக்கவில்லை. மானிட்டர்கூடக் கிடையாது. போன வாரம் அந்த விண்டோஸ் கணினியை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். பெயர், ஐபி, ஷேர் பெயர்கள், பாஸ்வேர்டு எல்லாம் பழையபடியே. அன்றிலிருந்து மவுண்ட் ஆகவில்லை, அதாவது ஷேர் இந்தப் பெட்டியில் இணையவில்லை. வருவது இவ்வளவுதான்:

மவுண்ட் எரர்(112): ஹோஸ்ட் இஸ் டவுன்

ஹோஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது. பிங் போகிறது. 445 போர்ட் திறந்திருக்கிறது. என் மடிக்கணினியில் அதே ஷேர் திறக்கிறது. இதே உபுண்டு பெட்டியில் ஒரு பழைய என்ஏஎஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியும் மவுண்ட் ஆகியிருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை.

கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எண்ணைப் பார்க்க யூநேம் -ஆர் கொடுத்தால் 4.4.0 என்று ஆரம்பிக்கிறது. கூட வேலை செய்பவர் எட்டிப் பார்த்து, "கெர்னல் பழசு, மாத்துங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாற்றலாமா? மாற்றி அந்த அளவுக்கருவி மென்பொருள் படுத்துக்கொண்டால் என் பாடு திண்டாட்டம்.

#2 ஒற்றைக்கம்பி

4.4 எல்லாம் எந்தக் காலம்! 2016 ஜனவரியில் வந்தது. கெர்னல் தளத்தில் அதற்கான ஆதரவே 2022 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. 6.12ஐ இறக்கிப் போடுங்கள், பத்து நிமிட வேலை.

#3 மெல்லநட

பழையபெட்டி, கொஞ்சம் பொறுங்கள். கெர்னலைத் தொடும் முன் ஒரே ஒரு சோதனை. மவுண்ட் கட்டளையில் ஆப்ஷன் பகுதியில் வெர்ஸ்=3.0 என்று சேர்த்துப் பாருங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷேர்கள் பேசும் எஸ்எம்பி என்பது ஒரே மொழி என்றாலும் அதில் பல வட்டார வழக்குகள் உண்டு: 1.0, 2.0, 2.1, 3.0, 3.02, 3.1.1. வாடிக்கையாளர் பக்கம் எந்த வழக்கில் பேச்சை ஆரம்பிக்கிறது என்பதை, நாம் சொல்லாவிட்டால், கெர்னலில் எஸ்எம்பி பேசும் பகுதியான சிஃப்ஸ் மாட்யூல்தான் முடிவு செய்யும். 4.13க்கு முந்தைய கெர்னல்கள் எல்லாம் தாமாக 1.0இல் ஆரம்பிக்கும். உங்கள் 4.4க்கு 3.0 தெரியும். கேட்டால்தான் பேசும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் என்ன ஆயிற்று என்றால், 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீம்பொருள் பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாக. மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தும் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 சர்வர் பகுதி தானாக வருவதில்லை. லினக்ஸ் பக்கத்து எஸ்எம்பி மென்பொருளான சம்பாவும் 2019இல் 4.11 பதிப்பில் அதை முன்னிருப்பாக அணைத்துவிட்டது. ஆக, உங்கள் பழைய விண்டோஸ் கணினி 1.0 பேசியது, புதியது பேசாது. உபுண்டு பெட்டி 1.0இல் "வணக்கம்" என்கிறது, எதிர்ப்பக்கம் பதிலே சொல்லாமல் இணைப்பை அறுக்கிறது. பதில் வராததைப் பார்த்து கெர்னல் "ஹோஸ்ட் டவுன்" என்று எழுதுகிறது.

#4 நடுநிசி

இந்த 112 என்ற பிழைச்செய்திக்கு யார் பெயர் வைத்தார்களோ, அவர்களை நான் ஒரு இரவு முழுக்கத் திட்டியிருக்கிறேன். கேபிள், சுவிட்ச், ஃபயர்வால் எல்லாம் மாற்றிய பிறகுதான் வெர்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

#5 பழையபெட்டி

மெல்லநட அண்ணா, கோடி நன்றி! வெர்ஸ்=3.0 போட்டதும் "தரவு" ஷேர் ஒரே தட்டில் மவுண்ட் ஆகிவிட்டது. கெர்னலைத் தொடவே இல்லை.

ஆனால் முழுதாகத் தீரவில்லை. அதே கணினியில் "அறிக்கை" என்று இன்னொரு ஷேர். அதே பயனர் பெயர், அதே பாஸ்வேர்டு. அதற்கு மட்டும் எரர்(13), பெர்மிஷன் டினைடு. இன்னொன்று, "தரவு" ஷேரில் பெரிய ஃபைல் நகல் எடுத்தால் நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது. எல்எஸ் கொடுத்தால் அந்த டெர்மினலும் உறைகிறது. ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் தானாக ஓடுகிறது. டிமெசேஜில் (கெர்னலின் பதிவில்) இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது: சர்வர் 120 வினாடிகளாகப் பதில் தரவில்லை, மறுபடி இணைக்கிறேன் என்று.

#6 ஒற்றைக்கம்பி

நான் அப்போதே சொன்னேன். 4.4 சிஃப்ஸ் மாட்யூலில் மறு இணைப்புப் பிழைகள் மண்டிக் கிடக்கும். ஆப்ஷன் போட்டு ஒட்டுப் போடுவதை விட கெர்னலை மாற்றுவதே மேல்.

#7 நடுநிசி

எரர் 13க்கு முதலில் எளிய விஷயங்களைப் பாருங்கள். பாஸ்வேர்டில் காற்புள்ளி இருந்தால் கட்டளை வரியில் ஆப்ஷன் அங்கேயே உடைந்துவிடும். அதைத் தனி கிரெடென்ஷியல்ஸ் ஃபைலில் போட்டு, அதன் அனுமதியை 600 ஆக்கிவிட்டு முயலுங்கள். டொமைன் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஃபைலில் சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாதீர்கள், அதில் நான் அரை நாள் இழந்திருக்கிறேன்.

#8 பழையபெட்டி

பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் மட்டும்தான். கிரெடென்ஷியல்ஸ் ஃபைலிலும் போட்டாயிற்று. "தரவு" திறக்கிறதே, அதனால் பாஸ்வேர்டு சரிதான். மடிக்கணினியில் இரண்டும் திறக்கின்றன.

#9 மெல்லநட

ஒரு ஷேர் திறந்து இன்னொன்று 13 சொன்னால் இரண்டு சாத்தியம். ஒன்று, அந்த ஷேருக்கு உங்கள் பயனருக்கு உண்மையிலேயே அனுமதி இல்லை. மடிக்கணினியில் அதே பயனராகத் திறக்கிறது என்பதால் அது அடிபட்டுப் போகிறது. இன்னொன்று, அந்த ஷேருக்கு மட்டும் என்கிரிப்ஷன் கட்டாயம் என்று வைத்திருக்கலாம். எஸ்எம்பி 3இல் ஷேர் வாரியாக அப்படி வைக்க முடியும். லினக்ஸ் சிஃப்ஸ் மாட்யூலுக்கு எஸ்எம்பி 3 என்கிரிப்ஷன் வந்தது 4.11 கெர்னலில். உங்கள் 4.4க்கு அந்தப் பூட்டே தெரியாது. அப்படியிருந்தால் எந்த ஆப்ஷன் போட்டாலும் திறக்காது, கெர்னலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இதெல்லாம் என் ஊகம். ஊகத்தை நம்பி அந்தப் பெட்டியில் கெர்னல் ஏற்ற வேண்டாம். புதிய கெர்னல் உள்ள ஏதாவது ஒரு லைவ் யுஎஸ்பியில் அதே பெட்டியைத் துவக்குங்கள். வன்தட்டில் எதையும் நிறுவாமல் "ட்ரை" என்பதை எடுங்கள். சிஃப்ஸ்-யுட்டில்ஸ் இல்லையென்றால் அதை மட்டும் அந்த லைவ் அமர்வில் நிறுவிக்கொள்ளுங்கள். அப்புறம் "அறிக்கை" ஷேரை மவுண்ட் செய்யுங்கள். "தரவு" ஷேரில் ஒரு பெரிய ஃபைலையும் நகல் எடுங்கள். அதே கேபிள், அதே நெட்வொர்க் கார்டு, அதே சர்வர், மாறியது கெர்னலும் அதன் மேலே இருப்பதும் மட்டும். புதிய கெர்னலில் எது சரியாகிறதோ அதற்குத்தான் அப்கிரேட் மருந்து. எது சரியாகவில்லையோ அதற்குக் கெர்னலைக் குறை சொல்லிப் பயனில்லை.

லைவ் அமர்வில் சோதிக்கும்போது ஃபைல் மேனேஜரில் திறந்து பார்த்துவிட்டு "வேலை செய்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். ஃபைல் மேனேஜர் சம்பாவின் லிப்எஸ்எம்பிகிளையன்ட் நூலகம் வழியாகப் போகும், கெர்னலின் சிஃப்ஸ் மாட்யூலை அது தொடுவதே இல்லை. மவுண்ட் கட்டளையில்தான் பார்க்க வேண்டும். "ஃபைல் மேனேஜரில் வருகிறது, மவுண்டில் வரவில்லை" என்று கேட்பவர்களுக்கு நான் பாதி நாள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#10 கருந்திரை

லைவ் யுஎஸ்பி யோசனை அருமை. நானாக இருந்தால் நேராக அப்கிரேட்தான் போட்டிருப்பேன், அப்புறம் அழுதிருப்பேன்.

#11 பழையபெட்டி

சோதித்தேன். உபுண்டு 22.04 லைவ், கெர்னல் 5.15.

"அறிக்கை" திறந்தது! அண்ணா சொன்னது அப்படியே. விண்டோஸ் பக்கம் பார்ப்பவரைக் கேட்டேன், அந்த ஷேரில் என்கிரிப்ஷன் கட்டாயம் என்று புதிதாக வைத்ததாகச் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பெரிய ஃபைல் நகல்? 5.15இலும் நடுவில் நிற்கிறது. அதே உறைதல்.

#12 ஒற்றைக்கம்பி

சரி, உறைதல் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

#13 மெல்லநட

ஒற்றைக்கம்பி பாதி ஜெயித்தார், பாதி தோற்றார் :)

பழையபெட்டி, உறைதலுக்குக் கீழ்த்தட்டிலிருந்து பார்ப்போம். எத்டூல் கட்டளையில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது? ஐபி -எஸ் லிங்க் கொடுத்து, ஆர்எக்ஸ் வரியில் எரர்ஸ் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜிபி ஃபைலை நகல் எடுத்த பிறகு மறுபடி பாருங்கள்.

#14 பழையபெட்டி

வேகம் 100 மெகாபிட். கார்டும் சுவிட்சும் 1000 தாங்கும். எரர்ஸ் நகலுக்கு முன் 41,000 சொச்சம், நகலுக்குப் பின் 43,000ஐத் தாண்டிவிட்டது.

#15 மெல்லநட

கேபிள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்தாலோ முனை தளர்ந்தாலோ இரு பக்கமும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். யாருக்கும் தெரியாது, "கொஞ்சம் மெதுவா இருக்கு" என்பதோடு போய்விடும். மிச்சமிருக்கும் ஜோடியும் ஆடினால் பொட்டலங்கள் சிதையும், டிசிபி மறுபடி மறுபடி அனுப்பும், ஒரு கட்டத்தில் எஸ்எம்பி பொறுமையிழந்து உங்கள் 120 வினாடி வரியை எழுதும். முதலில் கேபிளை மாற்றுங்கள், கெர்னல் பிறகு.

#16 பழையபெட்டி

மாற்றினேன். மேசைக்காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது, வெளியுறை வெடித்துச் செப்பு தெரிந்தது. புதுக் கேபிளில் வேகம் 1000. 8 ஜிபி ஃபைல் ஒரே மூச்சில் போயிற்று, எரர்ஸ் எண் ஒன்றுகூட ஏறவில்லை.

இப்போது கெர்னல். "அறிக்கை" ஷேருக்கு அது வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. எப்படிப் போவது? 6.12ஆ?

#17 கருந்திரை

16.04 மேல் மெயின்லைன் கெர்னலை (உபுண்டு தன் பதிப்புக்கென்று தராத நேரடிக் கெர்னலை) போடாதீர்கள். துவங்கக்கூடத் துவங்கும். ஆனால் ஹெடர் பொதி புதிய லிப்சி நூலகத்தைக் கேட்கும், 16.04இல் அது கிடையாது. ஹெடர் இல்லாமல் டிகேஎம்எஸ் மாட்யூல்கள் (கெர்னலுக்கேற்ப உருவாக்கப்படும் தனி டிரைவர்கள்) எதுவும் உருவாகாது. உங்கள் அளவுக்கருவிக்குத் தனி டிரைவர் ஏதாவது இருந்தால் அங்கேயே முடிந்தது கதை. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கொடுத்துப் பாருங்கள்.

16.04க்கென்றே புதிய கெர்னல் தரும் எச்டபிள்யூஇ வரிசை இருக்கிறது. லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-16.04 என்ற பொதி. அது 4.15ஐக் கொண்டுவரும். உங்களுக்குத் தேவை 4.11, அதற்கு 4.15 தாராளம்.

#18 ஒற்றைக்கம்பி

அதுவும் ஒட்டுத்தானே? 16.04இன் வழக்கமான ஐந்து வருட ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. 24.04க்குப் போனால் கெர்னல் 6.8, எல்லாம் புதிது.

#19 கருந்திரை

மறுக்கவில்லை. ஆனால் உற்பத்தியில் ஓடும் பெட்டி. அந்த மென்பொருள் 24.04இல் ஓடுமா என்று பார்க்க ஒரு மாதம் ஆகும், "அறிக்கை" ஷேர் இன்றைக்கு வேண்டும். இன்றைக்கு 4.15, அடுத்த மாதம் இன்னொரு வன்தட்டில் 24.04 வைத்து நிதானமாகச் சோதனை. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது எதனால் உடைந்தது என்று யாருக்கும் தெரியாது.

#20 நடுநிசி

இடையில் ஒன்று. கெர்னல் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் உபுண்டுவுக்கு ஓரளவு சரி, ரெட்ஹேட் குடும்பத்துக்குச் சரிப்படாது. சென்ட்ஓஎஸ் 7 யூநேமில் கடைசி வரை 3.10 என்றே காட்டியது, ஆனால் பின்னால் வந்த கெர்னல்களிலிருந்து எத்தனையோ திருத்தங்களை அதில் கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள். அங்கே 4.11 வேண்டும், 3.10தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டால் தப்பாகும்.

#21 பழையபெட்டி

டிகேஎம்எஸ்ஸில் எதுவும் இல்லை. கருவி சீரியல் போர்ட்டில் பேசுகிறது, தனி டிரைவர் கிடையாது. இன்று இரவு 4.15 போடுகிறேன்.

#22 பழையபெட்டி

போட்டேன், மாட்டிக்கொண்டேன். நிறுவல் முடிவில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று ஒரு வரி ஓடியதைக் கவனிக்கவில்லை. ரீபூட் செய்தால் கெர்னல் பேனிக், ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்னோன் பிளாக் (0,0) என்று நின்றுவிட்டது. மணி இரவு பதினொன்று. மானிட்டரையும் வேறோர் அறையிலிருந்து தூக்கி வந்திருந்தேன்.

#23 கருந்திரை

பதறாதீர்கள். ரீபூட் செய்து, துவங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்துங்கள். க்ரப் பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" உள்ளே போனால் பழைய 4.4 இருக்கும். அதில் துவக்குங்கள்.

/பூட் தனிப் பகிர்வாக இருக்கிறதா? டிஎஃப் -எச் கொடுத்துப் பாருங்கள்.

#24 பழையபெட்டி

4.4இல் வந்துவிட்டேன், மூச்சும் வந்தது. /பூட் தனிப் பகிர்வுதான், 236 எம்பி, 100 சதவீதம். உள்ளே ஏழு பழைய கெர்னல்கள் குடியிருக்கின்றன.

#25 கருந்திரை

அதேதான். வட்டில் இடமில்லாததால் இனிட்ராம்எஃப்எஸ் (துவங்கும்போது கெர்னலுக்கு வேண்டிய ஃபைல்) பாதியில் நின்றிருக்கும். யூநேம் -ஆர் காட்டும் எண்ணையும் அதற்கு முந்தைய ஒன்றையும் விட்டுவிட்டு மற்ற 4.4 கெர்னல் பொதிகளை நீக்குங்கள். ஓடிக்கொண்டிருப்பதைத் தவறியும் நீக்காதீர்கள். ஆப்ட் முரண்டு பிடித்தால் டிபிகேஜி -பி கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள். இடம் கிடைத்ததும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி, -கே போட்டு 4.15 எண், கடைசியாக அப்டேட்-க்ரப். ரீபூட்டுக்கு முன் /பூட்டில் 4.15க்கான இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் முழு அளவில் இருக்கிறதா என்று எல்எஸ் -எல் கொடுத்துக் கண்ணால் பாருங்கள்.

#26 மெல்லநட

இந்த இழையைப் பிறகு படிக்கப் போகிறவர்கள் இதை முதலில் செய்யுங்கள்: அப்கிரேடுக்கு முன் டிஎஃப் -எச். அண்மையில் ஒரு சர்வரில் நானும் இதே குழியில் விழுந்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

#27 பழையபெட்டி

4.15இல் துவங்கிவிட்டது! "அறிக்கை" ஷேருக்கு வெர்ஸ்=3.0, கூடவே சீல் (என்கிரிப்ஷன் கேட்கும் ஆப்ஷன்). திறந்தது. /ப்ராக்/மவுண்ட்ஸ் ஃபைலில் அந்த வரியில் சீல் தெரிகிறது. கருவியும் ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி, தூங்கப் போகிறேன்.

#28 பழையபெட்டி

தூங்கவில்லை. பழைய என்ஏஎஸ் மவுண்ட் ஆகவில்லை.

மவுண்ட் எரர்(112): ஹோஸ்ட் இஸ் டவுன்

#29 நடுநிசி

மன்னிக்கவும், சிரித்துவிட்டேன்.

#30 மெல்லநட

நானும். முதல் பதிவிலேயே அந்த என்ஏஎஸ்ஸைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை.

இது அதே பிழைச்செய்தி, ஆனால் தலைகீழ்க் காரணம். அன்று உங்கள் பக்கம் 1.0 பேசியது, எதிர்ப்பக்கம் புதியது. இப்போது உங்கள் பக்கம் புதியது, அந்த என்ஏஎஸ்ஸுக்கு 1.0 தவிர வேறு தெரியாது. 4.13இல் முன்னிருப்பு 3.0 ஆயிற்று. பலருக்கு உடைந்துபோனதால் 4.13.5இல் "2.1 அல்லது அதற்கு மேல், இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் உயர்ந்தது" என்று தளர்த்தினார்கள். 1.0க்கு அது தானாக இறங்கவே இறங்காது. டிமெசேஜைப் பாருங்கள், இதையே ஒரு பத்தி நீளத்துக்கு எழுதியிருக்கும்.

என்ஏஎஸ் வரிக்கு மட்டும் வெர்ஸ்=1.0 போடுங்கள்.

#31 பழையபெட்டி

ஆமாம், டிமெசேஜில் அப்படியே இருக்கிறது! முன்னிருப்பு மாறிவிட்டது, பழைய சர்வருக்கு வெர்ஸ்=1.0 கொடு என்று. பிழைச்செய்தியில் 112 மட்டும் வர, விளக்கம் வேறோர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

போட்டேன். திறந்துவிட்டது.

#32 கருந்திரை

திறந்தது சரி, ஆனால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். முதலில் என்ஏஎஸ் நிர்வாகப் பக்கத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா, "எஸ்எம்பி 2" என்று அணைந்து கிடக்கும் ஒரு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பல பெட்டிகளில் அது இருக்கும், யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து, நீங்கள் 24.04க்குப் போகும்போது இன்னொரு அடி விழலாம். எஃப்எஸ்டேபில் (மவுண்ட் பட்டியல் ஃபைலில்) என்ஏஎஸ் வரியில் செக்=என்டிஎல்எம் என்று இருக்கிறதா? 5.15 கெர்னலில் அந்தப் பழைய உள்நுழைவு முறையை அடியோடு நீக்கிவிட்டார்கள். வெர்ஸ்=1.0 கொடுத்தாலும் அந்த வரி இருந்தால் மவுண்ட் ஆகாது. என்டிஎல்எம்-வி2 தெரிந்த பெட்டி என்றால் செக்=என்டிஎல்எம்எஸ்எஸ்பி போட்டுத் தப்பிக்கலாம். தெரியாத பெட்டி என்றால் புதிய கெர்னலில் அதற்கு வழியே கிடையாது.

#33 பழையபெட்டி

செக்=என்டிஎல்எம் இருக்கிறது :( ஃபர்ம்வேர் கடைசியாக வந்தது 2011. எஸ்எம்பி 2 டிக் எதுவும் கண்ணில் படவில்லை.

#34 கருந்திரை

அப்படியானால் 24.04க்கு முன் அதிலிருந்து தரவை வெளியே எடுத்துவிடுங்கள். 4.15 இருக்கும்போதே.

#35 வளைவுப்பாதை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஆர்ச் லினக்ஸ். அப்டேட் போட்டேன், அதுவரை ஒழுங்காக இருந்த ஷேர் இப்போது எரர்(19), நோ சச் டிவைஸ். வெர்ஸ் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

#36 நடுநிசி

அப்டேட்டுக்குப் பிறகு ரீபூட் செய்தீர்களா?

#37 வளைவுப்பாதை

இல்லை.

#38 நடுநிசி

ஆர்ச்சில் கெர்னல் பொதி புதிதானதும் பழைய கெர்னலின் மாட்யூல் அடைவு வட்டிலிருந்து போய்விடும். நினைவகத்தில் ஓடுவது பழைய கெர்னல். மவுண்ட் கேட்டதும் அது தன் எண்ணுக்கான சிஃப்ஸ் மாட்யூலைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. யூநேம் -ஆர் எண்ணையும் /லிப்/மாட்யூல்ஸ் உள்ளே இருக்கும் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வேறாக இருக்கும். ரீபூட் செய்யுங்கள்.

#39 வளைவுப்பாதை

ரீபூட். சரியாயிற்று. ஒன்றும் சொல்வதற்கில்லை.

#40 தண்டவாளம்

இத்தனை தலைவலிக்கு, எஸ்எம்பிக்குப் பதில் என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறையை வைத்துவிட்டுப் போகலாமே? 2049 ஒரே போர்ட், பதிப்பு 4, வேலை முடிந்தது.

#41 மெல்லநட

லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் இடையில் என்றால் என் ஓட்டும் அதற்கே. இங்கே எதிர்ப்பக்கம் விண்டோஸ், அனுமதிகள் எல்லாம் அங்கே. அதோடு என்எஃப்எஸ்ஸும் கெர்னல் மாற்றத்துக்கு விதிவிலக்கில்லை. எஃப்எஸ்டேபில் பழைய வழக்கப்படி ப்ரோட்டோ=யுடிபி என்று வைத்திருந்தவர்கள் 5.6க்குப் பிறகு திகைத்தார்கள், அதிலிருந்து என்எஃப்எஸ் வாடிக்கையாளரில் யுடிபி முன்னிருப்பாக அணைந்திருக்கும். அந்தப் பக்கம் நல்லதும் வந்திருக்கிறது. 5.3இல் என்கனெக்ட் வந்தது, ஒரே சர்வருக்கு 16 இணைப்புகள் வரை திறக்கலாம்.

#42 தண்டவாளம்

யுடிபி கதை எனக்கும் நடந்தது. எடுத்துவிட்டேன்.

#43 நடுநிசி

பழையபெட்டி, என்ஏஎஸ்ஸுக்குப் பதிலாக நாளைக்கு ஒரு சம்பா சர்வர் வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்எம்பி 1இல் யூனிக்ஸ் நீட்சிகள் என்று ஒன்று உண்டு. சம்பா சர்வரோடு பேசும்போது ஃபைல் உரிமையாளர், சிஎச்மாட், சிம்லிங்க் எல்லாம் உள்ளூர் வட்டு போலவே நடக்கும். சாதாரண எஸ்எம்பி 3 மவுண்டில் அவை இருக்காது. எல்லா ஃபைலும் ஒரே உரிமையாளருடையதாகத் தெரியும். யுஐடி, ஜிஐடி, ஃபைல்_மோட் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். சிம்லிங்க் வேண்டுமென்றால் எம்எஃப்சிம்லிங்க்ஸ் ஆப்ஷன். "அப்கிரேடுக்குப் பிறகு ஸ்கிரிப்ட் ஓடவில்லை" என்று எங்கள் இடத்தில் ஒரு வாரம் தேடினோம், கடைசியில் ஸ்கிரிப்ட் ஒரு சிம்லிங்க்கை உருவாக்கப் பார்த்து தோற்றுக்கொண்டிருந்தது.

#44 பழையபெட்டி

குறித்துக்கொண்டேன். இப்போதைய நிலவரம்: எஃப்எஸ்டேபில் மூன்று வரி. "தரவு" வெர்ஸ்=3.0. "அறிக்கை" அதோடு சீல். "காப்பு" (அதுதான் என்ஏஎஸ்) வெர்ஸ்=1.0, ஆர்ஓ, படிக்க மட்டும். மூன்றிலும் _நெட்டெவ், நோஃபெயில் சேர்த்தேன். சர்வர் அணைந்திருந்தாலும் பெட்டி துவங்குகிறது, அணைத்துப் பார்த்தேன். என்ஏஎஸ்ஸிலிருந்து 1.2 டிபி வெளியே போய்க்கொண்டிருக்கிறது, அந்தக் கிழட்டுப் பெட்டி வினாடிக்கு 9 எம்பிக்கு மேல் தரமாட்டேன் என்கிறது.

#45 மெல்லநட

ஒன்றரை நாள் ஆகும். ஆர்சிங்க்கில் எடுக்கிறீர்கள்தானே? அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

#46 பழையபெட்டி

ஆர்சிங்க்தான். சாயங்காலம் அந்தக் கூட வேலை செய்பவர் வந்து, "என்ன, சரியாச்சா?" என்றார். ஆயிற்று என்றேன். "நான்தான் சொன்னேன்ல, கெர்னலை மாத்துனா சரியாயிடும்னு" என்றார். நசுங்கிய கேபிளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.